75 புள்ளி அடித்தும் தோற்ற ஆட்டம்: ஜிம்மர் ஃப்ரெடெட் பற்றி ஒரு பேச்சு

வணக்கம். கூடைப்பந்து ஆடுகிற பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஜிம்மர் ஃப்ரெடெட் என்று ஓர் ஆட்டக்காரர். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்.பி.ஏ. இருக்கிறதே, அந்த 'என்.பி.ஏ.வில் சொதப்பியவர்கள்' என்று யாராவது பட்டியல் போட்டால் இவர் பெயர் தவறாமல் அதில் இருக்கும். அந்தப் பட்டியல் போடுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதை இன்று இங்கேயே போட்டு முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

2011 ஜனவரி 26. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ என்கிற ஊர், ஜிம்மர் படித்த பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம். எதிரே சான் டியாகோ ஸ்டேட், அந்த சீசனில் அதுவரை ஆடிய 20 ஆட்டத்திலும் தோற்காத அணி. அன்றைக்கு ஜிம்மரின் அணி 71-58 என்று ஜெயித்தது, அந்த 71-இல் 43 இவர் ஒருவர் அடித்தது. எதிரணியில் யார் ஆடினார் தெரியுமா? காவாய் லெனர்ட். 2014, 2019 என்று இரண்டு முறை என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினாரே, அவரேதான். அன்றிரவே என்.பி.ஏ. நட்சத்திரம் கெவின் டுரான்ட், உலகத்திலேயே நன்றாகப் புள்ளி எடுப்பவர் ஜிம்மர்தான் என்று ட்விட்டரில் எழுதினார்.

அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி, நாட்டிலேயே முதலிடம். நியூ மெக்ஸிகோ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 52. நெய்ஸ்மித், வுடன் என்று கல்லூரி அளவில் பெரிய விருதுகள் எல்லாம் அவருக்கே போயின. எப்படி ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும், வெறும் எண்ணைச் சொன்னால் ஒன்றும் புரியாது. நடுக்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வந்திருப்பார், மூன்று புள்ளிக் கோடு இன்னும் வெகுதூரம் இருக்கும், காவலுக்கு நிற்பவன் 'இங்கேயிருந்தா எறியப்போகிறான்' என்று கையைக் கீழே விட்டிருப்பான், அந்த நொடியில் பந்தைத் தட்டுவதை நிறுத்தி அப்படியே எழும்பி விடுவார். இன்றைக்கு அது எல்லாரும் செய்கிற வேலை. அன்றைக்கு அப்படி எறிந்தால் பெரும்பாலான கோச்சுகள் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே கிளென்ஸ் ஃபால்ஸ் என்கிற சின்ன ஊர்தான் சொந்த ஊர். அண்ணன் டி.ஜே. இவரைப் பக்கத்துச் சிறைச்சாலைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளோடு ஆட வைப்பாராம். கூட்டத்தின் கூச்சலும் வசவும் காதில் ஏறாமல் ஆடப் பழகட்டும் என்று! என்.பி.ஏ. போவதற்கு என்ன பாடு பட வேண்டுமோ அதைப் படுவேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அந்த அண்ணனைப் பற்றியே தனியாக ஒரு மணி நேரம் பேசலாம், சரி, அது வேண்டாம்.

காகிதத்தில் எழுதியபடியே என்.பி.ஏ. வந்தது. 2011 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், பத்தாவது ஆளாக எடுத்தார்கள், கையோடு சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆள், பதினொன்றாவது, பின்னாளில் பெரிய நட்சத்திரமான கிளே தாம்ப்சன். பதினைந்தாவது நம்ம லெனர்ட். இதை வைத்துத்தான் இன்றுவரை கேலி. ஆனால் அந்த வருடம் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு, லீகே பூட்டிக் கிடந்தது, கோடைக்கால ஆட்டங்கள் கிடையாது, அவசர அவசரமாகக் கொஞ்சநாள் பயிற்சி, கிறிஸ்துமஸ் அன்று சீசன் தொடக்கம். தொடங்கிய சில நாட்களிலேயே கோச்சை நீக்கினார்கள். மூன்றே சீசனில் மூன்று கோச்சுகள். போதாததற்கு, அதே டிராஃப்டில் கடைசி ஆளாக, அறுபதாவதாக, அதே கிங்ஸ் எடுத்த ஐசையா தாமஸ் என்கிற குட்டையான பையன் பந்தைக் கொண்டுபோகிற வேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதில் தப்பும் சொல்ல முடியாது, தாமஸ் நிஜமாகவே நன்றாக ஆடினார்.

மிச்சம் ஜிம்மருக்குக் கிடைத்தது என்ன? ஓரத்தில் போய் நில், பந்து வந்தால் எறி, வராவிட்டால் சும்மா இரு. கச்சேரியில் பாடுகிறவரைக் கூப்பிட்டு இன்றைக்குத் தம்பூரா மட்டும் மீட்டுங்கள் என்று சொன்ன மாதிரி. முதல் சீசன் சராசரி 7.6. அவர் மேல் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. டிஃபென்ஸ், அதாவது எதிராளியைத் தடுக்கிற ஆட்டம், பலவீனம்தான். பக்கவாட்டில் கால் அவ்வளவு வேகமாக நகராது, எதிரணிக்காரர்கள் அவரைத் தேடிப் பிடித்து அவர் மேலேயே ஏறி ஆடுவார்கள். அதைச் சரிக்கட்டும் அளவுக்குப் பந்தும் அவர் கைக்கு வரவில்லை. 2014-இல் கிங்ஸ் விடுவித்தது, அப்புறம் சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், பிறகு ஒருபடி கீழே இறங்கி டி-லீக். அங்கே ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது கூட வாங்கினார், மேலே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2016-இல் ஷாங்காய் ஷார்க்ஸ். சீனாவின் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் யாவ் மிங் ஆடி வளர்ந்த அணி, அப்போது அவரே அதன் முதலாளி. முதல் சீசனிலேயே சராசரி 37.6 புள்ளி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் சிறந்தவர் என்ற விருது. சீன ரசிகர்கள் அவரை 'தனிமையின் கடவுள்' என்று கூப்பிட்டார்கள். 2017 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 73.

உடனே நம்ம பட்டியல்காரர்கள் 'சீனாவில் டிஃபென்ஸே கிடையாது சார்' என்பார்கள். பாதி உண்மை. அங்கே அப்போது ஓர் அணி இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது, இருவரும் சேர்ந்து களத்தில் நிற்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் பந்து தானாகவே களத்தில் நிற்கும் அந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் வந்து சேரும், புள்ளியும் குவியும். ஆனால் அதே விதியின்படி எதிரணியின் மொத்தக் கண்ணும் அந்த ஒருவர் மேல்தான் இருக்கும், இரண்டு பேர் வந்து மறிப்பார்கள், மூன்றாவது ஆள் பின்னால் காத்திருப்பான். என்.பி.ஏ.வில் ஆடிவிட்டு அங்கே போனவர்கள் எத்தனையோ பேர், எல்லாருமா 70 அடித்தார்கள்? 2018 நவம்பரில் பெய்ஜிங் அணி ஒன்றுக்கு எதிராக ஜிம்மர் 75 அடித்தார். ஷாங்காய் 136, பெய்ஜிங் 137. 75 அடித்தும் ஒரு புள்ளியில் தோல்வி! இதில் வேடிக்கை பார்ப்பவர்கள் பார்க்கட்டும், எனக்குத் தெரிவது வேறு: கல்லூரியில் அவரைச் சுற்றி அணி கட்டியபோது என்ன செய்தாரோ அதையே இங்கும் செய்திருக்கிறார். ஆள் மாறவில்லை, கொடுத்த வேலைதான் மாறியது.

சீன சீசன் சீக்கிரமே முடிந்துவிடும், அமெரிக்காவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படித்தான் 2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் சன்ஸ் கூப்பிட்டது. சால்ட் லேக் சிட்டியில் எதிரணி மைதானம், ஆனால் அவருடைய பழைய யூட்டா ஜனம். அவர் எழுந்து வந்ததும் ஆர்ப்பரித்தார்கள். எறிந்த பந்துகளில் பெரும்பாலானவை உள்ளே போகவில்லை, அதே ஆட்டத்தில் சக வீரர் டெவின் புக்கர் 59 அடித்தார், ஆனாலும் சன்ஸ் தோற்றது. அதற்குப் பிறகு கிரீஸில் பனாதினைக்கோஸ் அணி. ஐரோப்பாவில் பந்து நாலு கை மாறி வரும், எண்கள் குறைந்தன, கோவிட் வந்து சீசன் நின்றது, கிரேக்க லீக் பட்டம் அவர் அணிக்கே கொடுக்கப்பட்டது. மறுபடி ஒரு சீசன் ஷாங்காய்.

கடைசி அத்தியாயம் மூன்றுக்கு மூன்று ஆட்டம். அரை மைதானம், பத்து நிமிடம், 21 புள்ளி முதலில் எடுத்தவர் வெற்றி, பெஞ்சில் கோச் கிடையாது, எறிய 12 விநாடிதான். இந்த ஆட்டத்தில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அமெரிக்க ஆண்கள் அணி தகுதியே பெறவில்லை. ஜிம்மர் வந்தபின் 2023 உலகக் கோப்பையில் வெள்ளி, பான் அமெரிக்கன் போட்டியில் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம். பாரிஸில் போலந்தோடு ஆடும்போது தொடைத் தசைநார் கிழிந்தது. அணிக்கு நாலு பேர்தான், வெளியிலிருந்து மாற்று ஆளைச் சேர்க்க விதியில் இடமில்லை, மீதி மூன்று பேர் மாற்றாளே இல்லாமல் மூச்சிரைக்க ஆடி முடித்தார்கள், பதக்கம் கிடைக்கவில்லை.

2025 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தார். கொஞ்ச நாளில் அமெரிக்காவின் அதே மூன்றுக்கு மூன்று ஆண்கள் அணியின் நிர்வாக இயக்குநர் பொறுப்பும் வந்தது. இப்போது யாரை எடுக்கலாம், யாருக்கு எந்த வேலை கொடுக்கலாம் என்று பார்க்க வேண்டியது அவர். சரி, என் சண்டை முடிந்தது. பட்டியல்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் கை தூக்குங்கள், மைக்கைத் தருகிறேன்.