வெண்டைக்குச் சனிக்கிழமை தெரியாது

வணக்கமுங்க. இங்கே பாதிப் பேர் காய்ப்பங்குத் தோட்டம் தொடங்க நினைப்பவர்கள். மீதிப் பேர் அதற்கு முன்பணம் கட்டப்போகும் வீட்டுக்காரர்கள். முறை எளிது. விதைப்புப் பட்டத்துக்கு முன்பே வீடுகள் பணம் கட்டிவிடும். அதில் விதை, எரு, கூலி எல்லாம் நடக்கும். விளைந்ததை வாராவாரம் வீட்டுக்கு ஒரு பையாகப் பங்கு வைத்துக்கொள்வோம். விளைச்சல் குறைந்தால் பையும் குறையும். ஜப்பானில் 1970களில் பரவிய முறை இது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. கொங்கு நாட்டுக் காற்றுக்கும் மழைக்கும் கணக்கு வேறு. அதைத்தான் பேச வந்தேன்.

முதலில் வெண்டை. 40 வீடு, வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் வாரம் 20 கிலோ. இயற்கை முறையில் சென்ட்டுக்கு வாரம் 4 கிலோ என்று கையை இறுக்கியே கணக்குப் போடுங்கள். 5 சென்ட் வேண்டும். விதைத்த 45ஆம் நாள் வாக்கில் பறிப்பு தொடங்கி, 40, 45 நாள் நன்றாக ஓடும். ஆகவே முதல் பாத்தியில் பூ இறங்கும்போதே அடுத்த 5 சென்ட்டில் விதை விழுந்துவிட வேண்டும். பலர் காய்ப்பு ஓய்ந்த பிறகுதான் விதையைத் தேடுகிறார்கள். அப்புறம் ஆறு வாரம் பையில் வெண்டை இருக்காது.

இன்னொரு சிக்கல். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். நான்கு நாள் விட்டால் நார் பிடித்துவிடும். முற்றிய காய் செடியில் நின்றால் புதுக் காய்ப்பும் குறையும். பை போவதோ சனிக்கிழமை மட்டும் என்றால், திங்களும் புதனும் பறித்தது எங்கே போகும்? 20 வீட்டுக்குப் புதன், 20 வீட்டுக்குச் சனி என்று பிரித்துவிடுங்கள். இடையில் பறிப்பதற்குப் பக்கத்துக் கடையில் சொல்லி வையுங்கள்.

பறிப்பதிலும் பக்குவம் உண்டுங்க. சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும். விடிந்ததும் காம்போடு கத்தியால் அறுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு காயின் நுனியை ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். ஈரத்தோடு கட்டினால் காய் கறுத்துப் புள்ளி விழும். நிழலில் கூடையில் பரப்பி, நனைத்துப் பிழிந்த சாக்கை மேலே போட்டால் போதும்.

கீரைக்கு இவ்வளவு பாடு இல்லை. வாரம் ஒரு பாத்தி. சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஓரிடத்தில் கொத்தாக விழும். எறும்பு இழுத்துப் போவதையும் கவனியுங்கள்.

ஐப்பசி மழை தக்காளிக்குப் பகை. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் ஏறினால் பழம் வெடிக்கும். மேகம் கட்டும்போதே செங்காயாகப் பறித்துக் கொடுங்கள். வீட்டில் மூன்று நாளில் பழுத்துவிடும். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். சித்திரை வெயிலில் கிணறு இறங்கும். கொத்தவரை, தட்டைப்பயறு, முருங்கை, இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து வைத்த பரங்கி, இவைதான் பையைத் தாங்கும்.

மெலிந்த பை ஆடிப் பைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை காற்றாலைகளுக்கு லாபம், பந்தலுக்கு நட்டம். கொடி அலையும், தேனீ வராது, பீர்க்கும் புடலையும் பிஞ்சிலேயே வெம்பும். மேற்கு ஓரத்தில் ஒரு மாதம் முந்தியே இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்தால் காற்று கொஞ்சம் தணியும். பீர்க்கு சாயங்காலம் பூக்கும். அந்த நேரம் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடலாம்.

ஆடி போய்க் கொஞ்ச நாளில் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்: "பந்தல் நிறைய அவரைக் கொடி இருக்கே, காய் எங்கேங்க?" நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றியது கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழி, தை என்று கொத்துக்கொத்தாகக் காய்க்கும். அதையே தையில் ஊன்றினால் கோடை முழுக்கக் கொடிதான் ஓடும். ஆடியில் பணம் கட்டியவருக்கு அவரைக்காய் தைப் பொங்கல் பையில் வரும். இதை ரசீது கொடுக்கும்போதே சொல்லிவிடுங்க.