அட்டை முகம் தெரியட்டும்

(தர்மபுரியில் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், வாசகர் வட்ட நண்பர்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்து என்னை விட்டுவிட்டு மைக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் படப்புத்தகங்களைப் பற்றி, தகடூர் என்ற இந்தத் தர்மபுரி மண்ணில் பேச வந்தவன் நெல்லிக்கனியைத் தொடாமல் மேடையை விட்டு இறங்கினால் நீங்கள் விடமாட்டீர்கள். இன்று ஒருநாள் விலக்குக் கொடுங்கள், இறந்த வீரனுக்காக நட்டு வைக்கிற நடுகல்லைத் தொடுகிறேன். அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைத்ததை அவ்வையே பாடியிருக்கிறார். இந்த மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் ஏரிக்கரை, வயல் வரப்பு, புளியமரத்தடி என்று எங்கெங்கோ நடுகற்கள் நிற்கின்றன. எழுத்துள்ள பழைய கல் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள் இருக்கும். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் மகன், தொறு மீட்டுப் பட்டான், அதாவது கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டான். அவ்வளவுதான். அவன் வில்லை எப்படிப் பிடித்தான், கொண்டையை எந்தப் பக்கம் முடிந்திருந்தான் என்பதெல்லாம் உருவத்தில் இருக்கிறது.

நமக்குப் பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர்க் கல் என்று ஒன்று. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. அதில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது எழுத்து. படம் மட்டும் இருந்திருந்தால் அது யாரோ வளர்த்த ஒரு நாய். எழுத்து மட்டும் இருந்திருந்தால் நம் கண்ணுக்கு நாயே வந்திருக்காது. இரண்டும் சேர்ந்ததால் கோவிவன் இன்னும் காவல் நிற்கிறான்.

நல்ல படப்புத்தகம் செய்கிற வேலையும் இதுதான். எழுத்தில் இருப்பதையே படம் திருப்பிச் சொன்னால் அது பாடநூல் படம். 'பாப்பா சமத்தாகத் தூங்கிவிட்டாள்' என்று எழுத்து சொல்லும். படத்திலோ போர்வைக்குள்ளிருந்து ஒரு பூனை வால் நீட்டிக்கொண்டிருக்கும். வாசிக்கிற அப்பா அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மடியில் இருக்கிற பிள்ளை அவர் கையைப் பிடித்து நிறுத்தும். அந்த இடத்தில், எழுத்துத் தெரிந்த அப்பாவைவிட எழுத்துத் தெரியாத பிள்ளை நன்றாகப் படிக்கிறது. அதனால்தான் 'படம் பார்த்தது போதும், படி' என்று யாராவது பிள்ளையை அதட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நினைத்தீர்கள்?

இதில் தொழில் நுணுக்கமும் உண்டு. படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அப்படி இரண்டு மடிப்பு சேர்ந்தால் 32. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போக எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ஏறக்குறைய பதினான்கு விரிப்புகள்தான், அதாவது விரித்தால் எதிரெதிரே தெரியும் பக்க ஜோடிகள்தான் மிச்சம். அதற்குள் ஒரு கதை பிறந்து, வளர்ந்து, சிரிக்க வைத்து முடிய வேண்டும். நம்மில் சிலர் முன்னுரைக்கே அவ்வளவு பக்கம் எடுத்துக்கொள்கிறோம். (சிரிப்பு)

சென்னையில் தாரா பதிப்பகம் மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவரை வைத்து மரங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டது. 2008இல் இத்தாலியின் பொலோன்யா சிறுவர் நூல் கண்காட்சியில் பரிசு வாங்கிய புத்தகம். கையால் செய்த கறுப்புத் தாள். கல்யாணப் பத்திரிகைக்கு அடிக்கிறோமே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங். ஒவ்வொரு நிறமாகக் கையால் இழுத்து, காயவைத்து, அடுத்த நிறம். பக்கத்தின் மேல் விரலை ஓட்டினால் மை லேசாக மேடு தட்டும். மூக்கருகே கொண்டுபோனால் மை வாசனை. நான் கொண்டுபோனேன், கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தார், பரவாயில்லை.

விலை அதிகம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் இவர்களுடைய சிறுவர் நூல்கள் ஒரு பிளேட் பிரியாணி விலைக்குள் அடங்கிவிடும். துலிகா பதிப்பகம் ஒரே புத்தகத்தைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிகளில் போடுகிறது. இது நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை பார்த்த ஆசிரியர்களுக்குத் தெரியும். அங்கே ஒரே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளையும் கன்னடம் பேசுகிற பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். யானைப் படத்தை விரித்து வைத்தால் மூன்றும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பிக்கும்.

இனி அலமாரிக்கு வருகிறேன். எனக்கு அலமாரிப் பித்தும் உண்டு, மறைப்பானேன். வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி இருக்கிறது. சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு புத்தகமும் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். அதெல்லாம் பெரியவர்களுடைய ஆசை. அதே அலமாரியில் படப்புத்தகத்தைச் செருகினீர்களானால் புத்தகம் செத்தது. நடுவில் பின் அடித்த 32 பக்கப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது. பெயர் அச்சடிக்க இடமில்லை. அடுக்கி வைத்தால் தாள்விளிம்பு தவிர ஒன்றும் தெரியாது. எழுத்துத் தெரியாத பிள்ளை எதைப் பார்த்து எடுக்கும்?

அட்டை முகம் காட்டி நிற்க வேண்டும். அதற்குத் தச்சருக்குப் பெரிய வேலையில்லை. சுவரில் பதிய ஒரு பிளைவுட் பலகை, அதில் மூன்று அங்குல அகலத்தில் தட்டுகள், புத்தகம் வழுக்காமலிருக்க முன்னால் ஒரு ரீப்பர் கட்டை. மேல்தட்டு மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. முனைகளை இழைத்து மழுக்கிவிடச் சொல்லுங்கள். அடித்தட்டைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்த்துங்கள், கரையானுக்காக. சீசன் முடிந்து மண்டியில் கிடக்கும் மாம்பழப் பெட்டிப் பலகைகூடப் போதும். ஆணியை மட்டும் ஒன்றுவிடாமல் பிடுங்கிவிடுங்கள். இந்த அமைப்பில் குறைவான புத்தகமே நிற்கும், அதனால் வாரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். அது சிரமந்தான். ஆனால் மாற்றிய அன்று காலையில் பிள்ளைகள் வந்து நிற்கிற நிற்பைப் பாருங்கள், தீபாவளித் துணி எடுக்கிற கடையில் அந்தக் கூட்டம் இருக்காது!

பூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். ஒரு பள்ளியில் படப்புத்தகம் எல்லாம் இரும்பு பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருந்தன. 'கிழித்துவிடுவார்கள் சார்' என்றார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே, நூல்கள் பயன்பாட்டுக்கே. பொது நூலகத்தில் இருக்கும் புத்தகமோ நம் பணம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். கிழியத்தான் செய்யும். கிழிந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், நாளானால் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளை வாயில் வைக்கிற புத்தகத்துக்கு அது கூடவே கூடாது, நஞ்சு.

பாயில் இருப்பவர்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். நூலகர் அந்த ஓரத்தில் படப்புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறார், ஓடுங்கள். தட்டின் அளவு வேண்டுமென்பவர்களுக்குத் தாளில் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். பீரோச் சாவி வைத்திருப்பவர்கள் மட்டும் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பாருங்கள்.