ஏட்டிலிருந்து எழுந்த எடிட்டர்

அவைத்தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி உள்ளதோடு இல்லாததையும் சேர்த்துச் சொன்ன செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையும் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். நூலகர் அம்மையாரைத் தனியே குறிப்பிடாமல் தொடங்கினால் அது முறையாகாது. பழைய கணினிக் கையேடுகளை 'இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்' என்று கழித்துக் கட்டாமல் வைத்திருக்கும் நூலகர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அவர்களுக்கு என் முதல் வணக்கம். அடுத்து, எனக்கு முன் பேசிய அறிஞர் பெருமகன் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வரலாற்றை அழகாகச் சொல்லி என் வேலையைப் பாதியாக்கிவிட்டார். அவருக்கும் நன்றி.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, கணினியில் எழுத்துகளைத் தட்டித் திருத்த உதவும் 'எட்' (ed) என்னும் எடிட்டர் நிரலின் வம்சாவளி. இரண்டு, தாளிலும் காந்த நாடாவிலும் இருக்கும் பழைய நிரலை மீட்டு மறுபடி ஓடவைப்பது எப்படி. மூன்று, உரிமம்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்றைய தலைப்பில் மட்டும் அந்தப் பழமொழி தலைகீழ். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

1960-களின் நடுவில் பெர்க்லியில் எஸ்டிஎஸ் 940 இயந்திரத்துக்காக பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ட்ச்சும் எழுதியது கியூஇடி என்ற எடிட்டர். பெர்க்லியில் படித்த கென் தாம்ப்சன், பெல் ஆய்வகத்துக்குப் போன பிறகு, ஐபிஎம் 7094-இல் ஓடிய சிடிஎஸ்எஸ் அமைப்புக்காக அதைப் புதிதாக எழுதினார். அதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலை, அதாவது குறிகளால் ஒரு வடிவத்தைச் சொல்லி அதற்குப் பொருந்துவதைத் தேடும் முறையைச் சேர்த்தார். நீங்கள் தேடச் சொன்ன வடிவத்தை அந்த நொடியிலேயே 7094-இன் இயந்திர மொழியாக மாற்றி ஓடவிடும் உத்தி அது. 1968-இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். 1969-இல் பிடிபி-7 என்ற சின்ன இயந்திரத்தில் யூனிக்ஸ் பிறந்தபோது, கியூஇடியை இளைக்க வைத்து 'எட்' ஆக்கினார். இன்று கிரெப் (grep), செட் (sed) என்ற யூனிக்ஸ் கருவிகளில் நீங்கள் தட்டும் குறிகள் அந்த வழியில் வந்தவைதான்.

எட் பிழை கண்டால் ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டும் என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் திரை இல்லாமல் தாளிலேயே அடித்துக் காட்டிய டெலிடைப் 33-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். நொடிக்கு 10 எழுத்து, அதற்கு மேல் ஓடாது. 50 எழுத்தில் பிழைச்செய்தி எழுதினால், அது தாளில் கடகடவென்று அடித்து முடிக்க 5 நொடி. அதுவரை நீங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் பழைய எடிட்டரை எமுலேட்டரில், அதாவது பழைய இயந்திரத்தைப் போலவே நடிக்கும் நிரலில், எழுப்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஒரு முறையாவது வேகத்தை 110 பாடுக்கு (baud), அதாவது அந்த 10 எழுத்து வேகத்துக்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அது ஏன் அப்படி வாய் பேசாமல் இருந்தது என்று கை விரல்களுக்கே புரிந்துவிடும்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை, இது கேட்க வேண்டிய கதை.

1976-இன் தொடக்கம், லண்டன் குயின் மேரி கல்லூரி. ஜார்ஜ் கூலூரிஸ் என்ற ஆசிரியர், திரை உள்ள டெர்மினலில் ஒரு வரியைக் கண்ணால் பார்த்தபடியே திருத்தும்படி 'எட்' எடிட்டரை மாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து அங்கே வந்தவர் யார்? சாட்சாத் கென் தாம்ப்சன். புதிய எடிட்டரைப் பார்த்தார். 'இந்த மாதிரி எடிட்டர்களை நானும் பார்த்திருக்கிறேன், எனக்கு அது தேவைப்படவில்லை, திருத்தும்போது கோப்பு எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க விரும்புவதில்லை' என்கிற பொருளில் ஏதோ சொன்னாராம். (சிரிப்பு) கூலூரிஸ் சும்மா இருப்பாரா? மேதைகளுக்கு வேண்டாமென்றால் போகட்டும், இது சாதாரண மானிடப் பிறவிகளுக்கான (mortals) எடிட்டர் என்று சொல்லி 'எம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

அந்தக் கோடையில் அவர் பெர்க்லிக்குப் போனார், எம்மும் கூடவே போனது. அங்கே பில் ஜாய் என்ற மாணவர் அதைப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. அவரும் சக் ஹேலியும் சேர்ந்து அதிலிருந்து 'எக்ஸ்' என்ற எடிட்டரை வளர்த்தார்கள். அதன் திரை முகம்தான் 'விஐ'. ஜாய் வீட்டில் இருந்தது 300 பாடு மோடம், ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினல். நொடிக்கு 30 எழுத்து. 80 பத்தி, 24 வரி, மொத்தம் 1,920 எழுத்து. ஒரு முழுத் திரையைத் திரும்ப வரைய 64 நொடி! விஐயின் கட்டளைகள் ஒற்றை எழுத்தாக இருப்பதன் ரகசியம் இதுதான். விஐயில் கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் விசைகளின் தலையிலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்ததும் அந்த ஏடிஎம்-3ஏயில்தான்.

1978 டிசம்பர். புது வாக்ஸ் இயந்திரம் வந்து இறங்குகிறது. ஜாய் அப்போது விஐக்குள் பல சாளரங்களைக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறார். திரைக்கான நிரலை ஏறக்குறைய முழுவதும் திருத்தி எழுதிவிட்டார். அந்த நேரத்தில் நாடா இயக்கி பழுதானது. பேக்கப் கிடையாது. மனிதர் நிறுத்தினாரா? இல்லை, வேலையைத் தொடர்ந்தார். ஒருநாள் மூலநிரல் சிதைந்தது. சரி, லிஸ்டிங், அதாவது நிரலை அச்சடித்த தாள் பிரதி இருக்கிறதா என்றால், முழுதாக ஒன்றும் இல்லை. அத்தோடு விட்டுவிட்டார். பழைய பதிப்புக்கே திரும்பி, குறிப்புகளை எழுதி, கையேட்டை முடித்து, கடையைக் கட்டினார். இதை 1984-இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். அந்த வம்சத்தில் வந்த விம் எடிட்டருக்குப் பல சாளரங்கள் கிடைக்க 1994 ஆயிற்று.

நடந்தது என்ன? கறிக்கு வைத்திருந்த சுரைக்காய் அழுகியது, ஏட்டில் ஒரு சுரைக்காயாவது எழுதி வைத்திருந்தால் தப்பியிருக்கும்!

மறுபக்கம் பாருங்கள். பிடிபி-7 யூனிக்ஸின் நாடாவோ டிஸ்கோ கிடைக்கவில்லை. மிஞ்சியது தாள் மட்டுமே, இயந்திர மொழிக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியில் அச்சிட்ட பக்கங்களின் பிரதி. 'எட்' எடிட்டரும் அதில் இருந்தது. 2016-இல் தன்னார்வலர்கள் அதைத் தட்டச்சு செய்து, அதை இயந்திர மொழியாக்கும் அசெம்பிளர் ஒன்றையும் தாங்களே எழுதி, எமுலேட்டரில் ஓடவைத்தார்கள். 2019-இல் சியாட்டில் அருங்காட்சியகத்திலிருந்த அசல் பிடிபி-7-இலேயே அது ஓடியது. ஏட்டுச் சுரைக்காய் கறியானது இப்படித்தான்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மடிப்புத்தாளைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூலையில் பென்சிலால் எண் போடுங்கள். கலைந்துபோன அசெம்பிளி நிரலை வரிசைப்படுத்துவது நரகம். அங்குலத்துக்கு 400 புள்ளிக்குக் குறையாமல், சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு-வெள்ளை மட்டும் என்று வைத்தால், தேய்ந்த ரிப்பனில் அடித்த முற்றுப்புள்ளிகள் காணாமல் போகும். படக்கோப்பு டிஃப் (TIFF) ஆகவோ பிங் (PNG) ஆகவோ இருக்கட்டும். ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை பக்கமே போகாதீர்கள். இழப்போடு சுருக்கும்போது அது ஒரே சாயலில் இருக்கும் எழுத்துகளை ஒன்றாகக் கருதிவிடும். 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். படம் தெளிவாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. 2013-இல் இந்தக் கோளாறு அலுவலக ஸ்கேனர்களிலேயே வெளிப்பட்டது.

முற்றுப்புள்ளிக்கு ஏன் இவ்வளவு கவலை? பிடிபி-11 அசெம்பிளரில் 10 என்று எழுதினால் அது ஆக்டல், அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்; அதன் மதிப்பு எட்டு. பின்னால் புள்ளி வைத்து 10. என்று எழுதினால்தான் பத்து. ஒரு புள்ளி விழுந்துபோனாலும் நிரல் பிழையின்றி அசெம்பிள் ஆகும். ஓடும்போது வேறு எங்கேயோ உதைக்கும். ஆகவே இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் (diff) கட்டளையால் ஒப்பிட வேண்டும். பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் சிறிய எல்லும் அங்கேதான் மாட்டும். லிஸ்டிங்கின் இடப்பக்கம் ஆக்டல் பத்தி இருந்தால் அது பெரும் அதிர்ஷ்டம். நீங்கள் அசெம்பிள் செய்து வந்த எண்களை அதனோடு சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்துவிடலாம்.

டெலிடைப் சுருள் கிடைத்தால் இன்னொன்று. ஆரம்ப கால யூனிக்ஸில் # முந்திய எழுத்தை அழிக்கும், @ அந்த வரி முழுவதையும் அழிக்கும். தாளில் அடித்தது அழியாதே, எனவே இரண்டும் அப்படியே நிற்கும். அதை அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள், உட்கார்ந்திருந்தவரின் விரல் தடுமாறிய இடம் அது. எழுத்துகளுக்கு எண் வகுத்த ஆஸ்கி தரத்தின் 1963 பதிப்புக் காலத்து அச்சுகளில் இன்றைய கூரைக்குறி (^) இருக்கும் இடத்தில் மேல்நோக்கிய அம்பும், அடிக்கோடு இருக்கும் இடத்தில் இடப்பக்க அம்பும் இருக்கும். அதற்கும் பயப்பட வேண்டாம்.

நாடாவைப் பற்றிச் சுருக்கமாக. இயக்கியில் ஏற்றும் முன், சுருளின் பின்புறத்தில் எழுத அனுமதிக்கும் வளையம் இருந்தால் கழற்றுங்கள். வளையம் இல்லாவிட்டால் எழுத முடியாது. புளிக்காடி வாசனை வந்தால் அது அசிடேட் நாடா, அதைச் சூடாக்கவே கூடாது. பாலியெஸ்டர் நாடா ஒட்டும் பதத்தில் இருந்தால், பசையில் ஈரம் ஏறியிருக்கிறது. 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சீரான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் தற்காலிகமாகத் தேறும். அந்த அவகாசத்துக்குள் படித்துவிட வேண்டும். பிளாப்பியில் ஒரு பொறி உண்டு: 5.25 அங்குலத் தட்டில் பக்கப் பள்ளத்தை மூடினால் எழுத முடியாது, 8 அங்குலத் தட்டில் மூடினால்தான் எழுத முடியும். பழக்க தோஷத்தில் காகிதம் ஒட்டி, பாதுகாத்துவிட்டோம் என்று நினைத்தால் தொலைந்தது.

உரிமம் பற்றிப் பேச நேரமில்லை. 'எட்' எடிட்டரின் நிரல் உள்ளே இருந்ததால் விஐயின் மூலநிரல், பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி&டி-யின் உரிமத்தில் மாட்டிக்கிடந்தது, 2002-இல் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் திறந்துவிட்ட பிறகே அது விடுபட்டது. இதை மட்டும் சொல்லி அதை விட்டுவிடுகிறேன்.

ஏனென்றால் நான் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று மீதியிருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் துறைத்தலைவர்களும் நிறுவனப் பொறுப்பாளர்களும் என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் பொறுப்பில் உள்ள எந்த மென்பொருளுக்கும் முழு மூலநிரல் லிஸ்டிங் ஒன்றை அமிலமற்ற தாளில் அச்சிட்டு வையுங்கள். வெப்பத்தாள் வேண்டாம், எழுத்து மங்கிவிடும். முதல் பக்கத்தில் பதிப்பு எண், தேதி, எந்த இயந்திரம், எந்தக் கம்பைலர், எந்தக் கட்டளையால் கட்டப்பட்டது என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோப்பின் பெயரும் பக்க எண்ணும் வரட்டும். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று வேறு கட்டடத்தில் உள்ள நூலகத்தில். பெற்றுக்கொண்டதற்கு நூலகரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.