மருத்துவருக்குப் போன பணம்: பட்டியலைப் படிக்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் செயற்கை இடுப்பு, முழங்கால் மூட்டு விற்கும் ஐந்து பெரிய கம்பெனிகள் 2007-இல் அந்நாட்டு நீதித்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தன. ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் எலும்பு அறுவை நிபுணர்களுக்குப் பணம் கொடுத்து, தங்கள் மூட்டையே பொருத்த வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இணையத்தில் வெளியிட வேண்டியதாயிற்று. 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம் இந்தக் கடமையை மருந்து, கருவி உற்பத்தியாளர்களுக்குப் பொதுவாக்கியது. ஓப்பன் பேமென்ட்ஸ் என்ற அரசுப் பட்டியல் 2014 செப்டம்பர் 30-இல் முதன்முதலாக வெளிவந்தது. மருத்துவர் பெயரைக் கொடுத்து யாரும் இலவசமாகத் தேடலாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஊரையும் சிறப்புத் துறையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்து யாரையும் எடைபோட வேண்டாம். ஆய்வுப் பணம் தனிக் கணக்கு. பெரும்பாலும் அது மருத்துவமனைக்குப் போகும், ஆய்வுத் தலைவர் என்ற முறையில் மருத்துவர் பெயரும் சேர்ந்து வரும். ராயல்டி என்றால், கருவியை வடிவமைத்ததற்காக விற்பனையிலிருந்து கிடைக்கும் பங்கு. ஒரே வரியில் லட்சக்கணக்கான டாலர்கூட இருக்கலாம். நான் கூர்ந்து பார்க்கச் சொல்வது ஆலோசனைக் கட்டணத்தை. ஒரே கம்பெனி, ஆண்டுதோறும், திரும்பத் திரும்பத் தருகிறதா? எந்தக் கருவியின் பெயர் எதிரே எழுதியிருக்கிறது? கம்பெனியில் மருத்துவருக்கோ குடும்பத்தாருக்கோ பங்கு இருந்தால் அது வேறொரு பிரிவில் இருக்கும். அதைத் திறக்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஒன்றும் வாங்கவில்லை என்று பொருளல்ல. சட்டம் எழுதப்பட்டபோது 10 டாலருக்குக் குறைந்தவை, ஆண்டில் மொத்தம் 100 டாலரைத் தாண்டாவிட்டால், கணக்கில் சேராது என்றார்கள். விலைவாசியோடு இந்த வரம்பும் ஏறுகிறது. சோதித்துப் பார்க்க 90 நாள் வரை இரவல் தரும் கருவிக்கு விலக்கு உண்டு. புதிய கருவி ஆய்வுக்கான பணத்தை நான்காண்டு வரை வெளியிடாமல் தள்ளிவைக்கலாம். ஓராண்டுக் கணக்கு அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள்தான் வெளிவரும் என்பதால், ஜனவரியில் கைமாறிய பணம் கண்ணில் பட ஒன்றரை ஆண்டு ஆகும். தவறான பதிவை மருத்துவர் மறுக்கலாம். தீராவிட்டால் கம்பெனி சொன்ன தொகையே 'மறுக்கப்பட்டது' என்ற குறிப்போடு வெளியாகும்.

அறுவைக்கு முன் இதைத் தயங்காமல் கேளுங்கள்: "எனக்குப் பொருத்தப்போகும் மூட்டுக்கு உங்களுக்கு ராயல்டி வருகிறதா, டாக்டர்? நீங்களே பொருத்துகிற மூட்டுகளைக் கம்பெனியோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் ராயல்டிக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறதா?"