கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு சோதனை

நேயர்களுக்கு வணக்கம். லீவு கிடைக்காமல் வெளிநாட்டில் இருக்கும் தம்பி, படியேற முடியாத பாட்டி, இவர்களும் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் பலர் என்னைக் கூப்பிடுகிறார்கள். கல்யாணத்தை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பும் அந்த வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

லேப்டாப்பில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவையும் மைக்கையும் அதில் சேர்த்து, யூடியூப் உங்கள் சேனலுக்குத் தரும் ஸ்ட்ரீம் கீ என்ற ரகசியக் குறியீட்டை ஒட்டினால் ஒளிபரப்பலாம். அந்தக் கீயை வீட்டுச் சாவி போலப் பத்திரமாக வையுங்கள். புதுச் சேனலுக்கு நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும். அதனால் இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இணையம். மண்டபத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் டவுன்லோடு வேகம்தான். நமக்கு வேண்டியது அப்லோடு, அதாவது இங்கிருந்து வெளியே அனுப்பும் வேகம். 720பி என்ற நடுத்தரத் தெளிவுள்ள படத்தை 2500 கேபிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 2500 கிலோபிட் வேகத்தில் அனுப்பினால் ஓரளவு நன்றாகவே தெரியும். அதற்கு அதைப்போல இரண்டு மடங்கு, 5 எம்பிபிஎஸ் அப்லோடாவது கையில் இருக்கட்டும். ஒருமுறை மண்டபத்து வைஃபையை நம்பினேன். விடியற்காலை சோதனையில் குறையே இல்லை. முகூர்த்த நேரத்தில் வந்தவர்கள் போனெல்லாம் அதே வைஃபையில். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. பெண்ணின் பாட்டி போன் போட்டு, "கட்டியாச்சாப்பா?" என்று கேட்டார். அந்தக் குரலை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ரவுட்டரிலிருந்து நேராக கேபிள், இல்லையென்றால் தனி சிம். ஒரு மணி நேரத்துக்கு 1.2 ஜிபி போகும். தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் பாதிச் சடங்கிலேயே தீர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், படத்தைவிட ஒலிதான் முக்கியம். வானொலி கேட்கும் உங்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். படம் கொஞ்சம் மங்கினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள், ஒலி கரகரத்தால் போய்விடுவார்கள். லேப்டாப் மைக்கில் பாத்திரச் சத்தமும் பேச்சும்தான் விழும். மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய மிக்ஸரிலிருந்து ஒரு வயர் வாங்கி, யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வழியாக லேப்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒலி அளவு வைக்கும்போது ஐயரின் மந்திரத்தைக் கேட்டு வைக்காதீர்கள். "கெட்டிமேளம்" என்றதும் தவிலும் நாதஸ்வரமும் ஒரே நொடியில் எங்கோ போய்விடும், ஓபிஎஸ்ஸில் ஒலிக் கோடு சிவப்பைத் தாண்டிவிடும். மேளக்காரரிடம் கேட்டுக்கொண்டால் அரை நிமிடம் முழு வேகத்தில் வாசித்துக் காட்டுவார். அதற்கேற்பப் பெட்டியின் குமிழைக் குறைத்துவிட்டு, அப்புறம் ஓபிஎஸ்ஸில் ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரைப் போடுங்கள். பெட்டியிலேயே ஒலி உடைந்திருந்தால் லிமிட்டர் ஒன்றும் செய்யாது.

இன்னொன்று. இங்கே நடப்பது வீட்டில் இருப்பவர்களுக்குச் சில நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூடத் தாமதமாகத்தான் தெரியும். சடங்கு முடிந்த கையோடு ஒளிபரப்பை நிறுத்திவிடாதீர்கள். பாட்டியின் திரையில் இன்னும் அட்சதை விழுந்துகொண்டிருக்கும்.