பதில் சொல்பவருக்கு யார் தேர்வு வைப்பது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதுதான் ஹாம் வானொலி. அதற்குப் புதிதாக வரும் பெண்களை அதில் நிலைக்கச் செய்வது பயிற்சியா, வரவேற்பா என்பது இன்றைய வழக்கு. வரவேற்பே என்பது எங்கள் கட்சி.

எதிரணிச் சகோதரி சற்று முன் ஒரு பட்டியல் வாசித்தார். மின்சுற்று, ஆன்டெனா, விதிமுறை என்று படித்துத் தேறி உரிமம் வாங்கிவிட்டால் துணிச்சல் தானாக வந்துவிடுமாம். அம்மா, 12 வயது நிரம்பினால் நம் நாட்டில் அந்தத் தேர்வை எழுதலாம். தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறிகள்கூட வேண்டாம். நானும் எழுதினேன், தேறினேன். அதன்பின் நான்கு மாதம் அந்த உரிமம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. ஓம் விதி எனக்கு அத்துப்படி. பொத்தானை அழுத்திப் பேசினால் மறுமுனையில் யார் என்ன சொல்வார் என்பதுதான் தெரியவில்லை.

ஒருநாள் அழுத்தியேவிட்டேன். உரிமத்தோடு எனக்குத் தந்த அடையாளப் பெயரான அழைப்புக்குறியைச் சொல்லி, "என் சிக்னல் எப்படி வருகிறது?" என்று கேட்டேன். விடை இரண்டே எண்கள்: தெளிவுக்கு 5 வரை, வலிமைக்கு 9 வரை. எனக்கு வந்த விடையோ, "குரல் இனிமையாக இருக்கிறது. வீட்டில் சார் இல்லையா?" நடுவர் அவர்களே, எங்கள் பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் உண்டு, அலைவரிசைக்கு உண்டு, சிக்னலுக்கு உண்டு. இனிமைக்குக் கட்டம் இல்லை! செட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவதா வேண்டாமா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. சொல்லுங்கள், எந்தப் பாடத்தை நான் சரியாகப் படிக்காமல் போனேன்?

இந்தத் துறையின் வழக்குச் சொற்களைக் கேளுங்கள். ஆண் என்றால் 12 வயதுப் பொடியனும் 'ஓஎம்', அதாவது கிழவன். பெண் என்றால் 80 வயதுப் பாட்டியும் 'ஒய்எல்', இளம்பெண். (பாட்டிக்கு இதில் வருத்தம் இருக்காது என்றே நினைக்கிறேன்.) விடைபெறும்போது எல்லோருக்கும் 73, வாழ்த்துகள். பெண் என்று தெரிந்தால் சிலர் 88 என்பார்கள், அன்பும் முத்தமும்! முன்பின் தெரியாதவரிடம் முத்தம் வாங்கவா உரிமம் எடுத்தோம்? 1939இல் அமெரிக்காவில் பெண் ஹாம்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெண்ணுக்குப் பெண் நட்போடு சொல்லிக்கொள்ள 33 என்ற எண் அவர்களிடையே வழக்குக்கு வந்தது. அவர்கள் பயிற்சி போதாமலா சங்கம் வைத்தார்கள்?

பெண் ஹாம் பாரதி பிரசாத்தை எதிரணியினர் சாட்சிக்கு அழைத்தார்கள். நன்றி, எனக்கும் அவர் வேண்டும். 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி நிலம் ஆடியது, கடல் ஏறியது, தொலைபேசி படுத்துவிட்டது. போர்ட் பிளேரிலிருந்து அவருடைய வானொலி வழியாகச் செய்திகள் வெளியே போயின. அவருடைய திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மறுமுனையில் இருந்தவர்களையும் எண்ணிப்பாருங்கள். காது கொடுத்துக் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். "வீட்டில் சார் இல்லையா" என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மரியாதையைக் கடல் ஏறாத நாளிலும் கேட்கிறேன்.

என் கதை பாதியில் நிற்கிறது. அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் செட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு காலை சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் அன்றைய கூடுகையை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். "புதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பத்து விநாடி காத்திருக்கிறேன்" என்றார். காத்திருக்கவும் செய்தார். எட்டாவது விநாடியில் பொத்தானை அழுத்தினேன்.

"நான்கு ஐந்து. இரைச்சல் இருக்கிறது, ஜன்னல் பக்கம் வந்து பேசுங்கள்" என்றார்.

போனேன். ஐந்து ஒன்பது.