பிரசவத்துக்கு மனைவி, உதவிக்கு அம்மா: பினாங்கில் எந்தத் தனியார் மருத்துவமனை?

சரி, அடுத்த கேள்வி பினாங்கிலிருந்து. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கேட்டிருக்கிறார்: "எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன். மனைவிக்கு ஆறாவது மாதம். பிரசவத்துக்கு உதவியாக ஊரிலிருந்து அம்மா வருகிறார்; அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இங்கே எந்தத் தனியார் மருத்துவமனை நல்லது? ஒரு பெயர் சொன்னால் போதும்."

தம்பி, ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் உங்கள் மனைவிக்குப் பொருந்துகிற இடம் அம்மாவுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. அதனால் யாருக்கு என்ன தேவை என்று பிரித்துப் பார்ப்போம்.

மனைவிக்கு நீங்கள் தேட வேண்டியது டாக்டரை, கட்டடத்தை அல்ல. இங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் நிபுணர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இல்லை. அங்கே தங்கள் கிளினிக்கை வைத்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும் இரண்டு மகப்பேறு மருத்துவர்கள் பேசுகிற விதமும் வைத்தியம் பார்க்கிற விதமும் வேறாக இருக்கும். என்எஸ்ஆர் எனப்படும் தேசிய நிபுணர் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. அதில் பெயரைத் தேடி, எந்தத் துறையில் பதிவு பெற்றவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நேரில் போய், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், குழந்தைக்கு ஏதாவது தேவைப்படும்போது வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று ஆகிவிடும்.

தூரமும் முக்கியம். ஐலண்ட், கிளெனீகல்ஸ், லோ குவான் லை, அட்வென்டிஸ்ட் ஆகிய தனியார் மருத்துவமனைகள் எல்லாம் ஜார்ஜ்டவுன் பக்கம். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பந்தாய். வேலை விடுகிற நேரத்தில் பாயான் லெப்பாஸ் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லாம் வா ஈ லாப நோக்கமில்லாமல் நடக்கும் மருத்துவமனை, அங்கேயும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். கம்பெனி காப்புறுதியில் பிரசவம் சேர்த்தியா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல குழுக் காப்புறுதிகளில் அது கிடையாது. 1998ஆம் ஆண்டின் தனியார் மருத்துவமனைச் சட்டத்தின் கீழ் டாக்டர் கட்டணத்துக்கு உச்ச வரம்பு உண்டு. அறை, மருந்து, ஊசி, கையுறை என்று மருத்துவமனை போடுகிற கணக்குக்கு அப்படி வரம்பு இல்லை, பில் ஏறுவதும் அங்கேதான். அதனால் சேர்வதற்கு முன்பே உத்தேசச் செலவைக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளாகப் பிரித்த பில்லையும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், இரண்டும் சட்டப்படி உங்கள் உரிமை. இன்னொன்று: 2025 ஜூலை 1 முதல் மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தனியார் சிகிச்சையில் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. கூட வேலை செய்கிற உள்ளூர் நண்பர் "எனக்கு இவ்வளவுதான் ஆனது" என்று சொன்னால், அந்தத் தொகையை அப்படியே வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் அம்மாவைப் பற்றித்தான். அவரைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்று பேரில் பாதுகாப்பு குறைவாக இருப்பவர் அவர். கம்பெனி காப்புறுதி அட்டையில் பெற்றோரைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பயணக் காப்புறுதிகள் பலவும் ஏற்கெனவே இருக்கும் நோயை ஒதுக்கிவிடும். சேர்த்துக்கொள்கிறவையும் உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு மட்டும் என்று சொல்லும். டிக்கெட் போடும் முன்பே அந்த நிபந்தனையை வரி வரியாகப் படியுங்கள்.

அவர் சாப்பிடும் மாத்திரைகளை, கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் பெயரிலேயே ஊர் டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஊரில் டோலோ என்பதை இங்கே பனடோல் என்றால்தான் தெரியும்; இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால் என்ற ஒரே மருந்து. சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான். கடைசி ரத்தப் பரிசோதனை, ஈசிஜி இரண்டையும் கையோடு கொண்டுவரட்டும். வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். தமிழ் பேசும் டாக்டர் பினாங்கில் கிடைப்பது சிரமம் இல்லை. அம்மா தன் உடம்பைத் தன் வாயாலேயே சொல்ல முடியும், நீங்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டாம்.

அவருக்காக மருத்துவமனை விசாரிக்கும்போது, இதய அடைப்பை நீக்கும் கேத் லேப் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறதா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். திடீரென்று மூச்சு வாங்குகிறது, வேர்க்கிறது, காரணமில்லாத அசதி என்றால் "வாயு" என்று கஷாயம் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். உயிர் காக்கும் முதலுதவியை எந்தத் தனியார் மருத்துவமனையும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதன் பிறகு படுக்கையில் சேர்க்க டெபாசிட் கேட்பார்கள், அதற்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு அரசாங்க மருத்துவமனையை ஒதுக்க வேண்டாம். வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது, ஆனாலும் அங்கே எல்லாத் துறை நிபுணர்களும் இருக்கிறார்கள்.

பெர்மிட்டில் வேலை செய்யும் தொழிலாளர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு முதலாளி எடுக்கும் ஸ்பிக்பா காப்புறுதி அரசாங்க மருத்துவமனைக்குத்தான். தனியாரில் அந்த அட்டையைக் காட்டிப் பயனில்லை. ஆனால் வேலையில் அடிபட்டால் அது வேறு கணக்கு. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை விபத்துக் காப்பு உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும், அதனால் சின்னக் காயம் என்று மறைக்காமல் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள்.